காட் மீன் ஏன் சொன்ன கெடுவில் திரும்பவில்லை?

ஸ்காட்ஸ் எமல்ஷன் குடித்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் புட்டியின் மேல் நிற்கும் ஆளைத் தெரிந்திருக்கும். தொப்பியும் கோட்டும் போட்ட மீனவர் ஒருவர், கிட்டத்தட்டத் தன் உயரமே உள்ள மீனைக் கயிற்றில் கட்டி முதுகில் சுமந்து நிற்பார். மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த வெள்ளைக் குழம்பை விழுங்கிய பிள்ளைகளுக்கு அது என்ன மீன் என்று கேட்கத் தோன்றியிருக்காது. அதுதான் அட்லாண்டிக் காட். விளம்பரத்துக்காகப் பெரிதாக வரைந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 1895-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் பிடிபட்ட ஒரு காட் 95 கிலோவுக்கு மேல் எடையும் ஆறடிக்கு மேல் நீளமும் இருந்ததாகப் பதிவு இருக்கிறது. அப்படியொரு மீன் இன்று எந்த வலையிலும் ஏறுவதில்லை.

1992 ஜூலை 2 அன்று கனடா அரசு நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் கடலில் காட் பிடிக்கத் தடை போட்டது. ஐந்து நூற்றாண்டுகளாக ஐரோப்பாவுக்குச் சோறு போட்ட மீன்பிடிப்பு ஒரே அறிவிப்பில் நின்றது. 2 ஆண்டுதான், அதற்குள் மீன் திரும்பிவிடும் என்றார்கள். தடை முறைப்படி விலகியது 2024 ஜூனில். 2 ஆண்டு என்று சொன்னது 32 ஆண்டானது ஏன்? அளவுக்கு மீறிப் பிடித்தோம், கடல் குளிர்ந்துவிட்டது, இரைமீன் அற்றுப்போனது, சீல் தின்றுவிட்டது என்று நான்கு விடைகள் புழங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் வாதாட ஆள் உண்டு. என் கருத்தில், வழக்கை மீனின் உடம்பிலிருந்து தொடங்கினால் பாதிச் சிக்கல் அவிழ்கிறது. காட் வாழும் முறையிலேயே அது அழிந்த விதமும் அது மெதுவாகத் திரும்பும் காரணமும் அடங்கியிருக்கின்றன.

குளிருக்கு ஏற்ற உடம்பு

காடஸ் மோருவா என்பது 1758-இல் லின்னேயஸ் காட்டுக்கு வைத்த அறிவியல் பெயர். முதுகில் மூன்று துடுப்பு, கீழே பின்புறம் இரண்டு, மோவாயில் தொங்கும் ஒற்றை மீசை, விலாவில் ஓடும் வெளிறிய கோடு. இவ்வளவு தெரிந்தால் காட்டை அடையாளம் கண்டுவிடலாம். கோடு கறுப்பாக இருந்தால் அது அதன் உறவான ஹேடாக். வாய் பெரிது, பசி அதைவிடப் பெரிது. நண்டு, இறால், கணவாய், சிறுமீன், தன் இனத்துக் குஞ்சு என்று அகப்பட்டதையெல்லாம் விழுங்கும்.

கடல்நீர் உறைவது ஏறத்தாழ மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸில். சாதாரண மீனின் ரத்தம் அதற்கு முன்பே, மைனஸ் 1 டிகிரியை எட்டும் முன்னரே உறையத் தொடங்கிவிடும். அப்படியானால் நியூஃபவுண்ட்லாந்தின் குளிர்காலக் கரைநீரில் காட் எப்படி நீந்துகிறது? நீர் உறைநிலைக்கு நெருங்கும்போது அதன் ரத்தத்தில் சர்க்கரை ஒட்டிய ஒருவகைப் புரதம் கூடுகிறது. பனிக்கட்டியின் நுண்துகள் உடம்புக்குள் உருவானால் இந்தப் புரதம் அதன் மேல் ஒட்டிக்கொண்டு வளரவிடாமல் தடுக்கும். இதற்கான மரபணு வேறொரு மரபணுவிலிருந்து உருமாறி வந்ததல்ல என்றும், புரதம் எதையும் உண்டாக்காமல் சும்மா கிடந்த டி.என்.ஏ. பகுதியிலிருந்தே பிறந்தது என்றும் 2019-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பரிணாமம் ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு கருவியைச் செய்துகொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்றுகள் மிகச் சிலவே.

இந்த மீனின் வரலாற்றை எழுதியது அதன் ஈரல் என்றுகூடச் சொல்லலாம். மத்தி தன் கொழுப்பைச் சதையிலேயே வைத்திருக்கிறது; அதனால்தான் மத்திக் கருவாடு சீக்கிரம் சிக்கடிக்கிறது. காட் சேமிப்பை எல்லாம் ஈரலில் வைக்கிறது. சதையில் கொழுப்பு நூற்றுக்கு 1 பங்குகூட இருக்காது. அப்படிப்பட்ட சதை காய்ந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. வட நார்வேயின் லொஃபோட்டன் தீவுகளில் பிப்ரவரி முதல் மே வரை, உப்பே போடாமல், மரச் சட்டங்களில் வாலோடு வால் கட்டித் தொங்கவிடுவார்கள். உறைநிலையை ஒட்டிய காற்றில் எடையின் பெரும்பகுதி வற்றிக் கட்டைபோல ஆகிவிடும். வைக்கிங்குகள் காலத்து வணிகம் இது, இன்றும் நடக்கிறது. நைஜீரியா இதற்குப் பெரிய சந்தை. பயாஃப்ரா போரின்போது நிவாரணமாகப் போன நார்வே மீன் அங்கே பழக்கத்தை இன்னும் வலுவாக்கியது. ஈரலில் இருந்த எண்ணெயோ வேறு வழியில் உலகம் சுற்றியது. கணைச்சூட்டு நோயில் எலும்பு வளைந்த ஐரோப்பியக் குழந்தைகளுக்கு அது மருந்தானது. ஏன் குணமாகிறது என்ற கேள்விக்கு 1920-களில் கிடைத்த விடைதான் வைட்டமின் டி.

அடுத்தது வயது. கத்தாளை தின்பவர்களுக்கு மீன் தலைக்குள் இருக்கும் வெள்ளைக் கல் தெரியும். காட்டுக்கும் அந்தச் செவிக்கல் உண்டு. உடைத்து நுண்ணோக்கியில் வைத்தால் வெளிறியதும் கருத்ததுமாக வளையங்கள் தெரியும். கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. எண்ணினால் வயது வந்துவிடும். 20 ஆண்டைத் தாண்டி வாழக்கூடிய மீன் இது. நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் பெண் காட் பருவமடைய 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். அதன்பின் ஆண்டுதோறும் முட்டையிடும், வளர வளர அதிகமாக இடும். 30 கிலோ எடையுள்ள ஒரே ஒரு தாய்மீன் இடும் முட்டை, 2 கிலோ எடையுள்ள 28 மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிகம் என்று 2018-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த 28 மீன்களின் மொத்த எடை 56 கிலோ. ஆக, கடலில் எத்தனை டன் காட் இருக்கிறது என்று மட்டும் கேட்பவர் தவறான கேள்வியைக் கேட்கிறார். எத்தனை வயது மீன்கள் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே கேட்டாக வேண்டும்.

முட்டையிடும் காலத்தில் ஆண் மீன்கள் காற்றுப்பையை ஒட்டிய தசைகளை அதிரவைத்து உறுமும். பெண்ணைக் கவர்வதும் போட்டியாளரை விரட்டுவதும் அந்த உறுமலால்தான். ஒன்றரை மில்லிமீட்டர் அளவான முட்டைகள் நீரில் மிதந்து மேலே வரும். காட் முட்டை கடலடியில் ஒட்டிக் கிடக்கிறது என்று நம்பியிருந்த காலத்தில், 1860-களில் லொஃபோட்டனில் வாளி வாளியாக நீர் மொண்டு பார்த்து அது மிதக்கிறது என்று கண்டவர் நார்வேயின் கியார்க் ஓசியன் சார்ஸ். இரண்டு மூன்று வாரத்தில் பொரிக்கும் குஞ்சுக்கு 4, 5 மில்லிமீட்டர் நீளம்தான். மஞ்சள்கரு தீரும் நாளில் அதன் வாயெதிரே கலானஸ் என்னும் நுண்ணிய கடலுயிரின் இளம்பருவம் இருக்க வேண்டும். ஒரு வாரம் முன்பின்னாக இருந்தால் லட்சக்கணக்கில் சாகும். மீன்பாடு ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக ஏறி இறங்குவதற்கு இந்தப் பிள்ளைப் பருவச் சாவே காரணம் என்ற கருத்தை 1914-இல் யோகன் யோர்ட் முன்வைத்தார். மீன்வள அறிவியலின் ஒரு பெரிய கிளை அதிலிருந்து வளர்ந்தது. ஒரு நல்ல ஆண்டில் பிறந்த கூட்டம் பல ஆண்டுகளுக்கு மீனவர்களைக் காப்பாற்றும். கெட்ட ஆண்டுகள் தொடர்ந்தாலும் பல வயது தாய்மீன்கள் கடலில் இருந்தால் இனம் பிழைத்துக்கொள்ளும். நீண்ட ஆயுள் காட்டுக்கு ஒரு காப்பீடு.

லட்சக்கணக்கில் முட்டையிடும் மீன் எப்படித் தீரும் என்று மனிதருக்குத் தோன்றியது இயல்புதான். 1883-இல் லண்டனில் நடந்த மீன்வளக் கண்காட்சியில் ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி, காட் போன்ற பெரிய கடல் மீன்பிடிப்புகள் வற்றாதவை என்றே பேசினார். அவரை இன்று கேலி செய்வது எளிது. கடலில் இயற்கையாகச் சாகும் மீனோடு ஒப்பிட்டால் மனிதன் பிடிப்பது ஒன்றுமில்லை என்பது அவர் கணக்கு; அவர் காலத்து மீன்பிடி முறைகளை வைத்துப் போட்ட கணக்கு அது. முறைகள் மாறியபின்னும் அதே கணக்கை வைத்திருந்தவர்களுக்குத்தான் மன்னிப்புக் கிடையாது.

திட்டும் கரையும்

நியூஃபவுண்ட்லாந்துக்குத் தென்கிழக்கே கடலுக்கடியில் கிராண்ட் பேங்க்ஸ் என்னும் பரந்த திட்டுகள் கிடக்கின்றன. பல இடங்களில் ஆழம் 100 மீட்டருக்கும் குறைவு. வடக்கிலிருந்து வரும் லாப்ரடார் குளிர் நீரோட்டம் தெற்கிலிருந்து வரும் வளைகுடா வெந்நீரோட்டத்தை இங்கேதான் முட்டுகிறது. அதன் விளைவு இரண்டு: ஓயாத மூடுபனி, தீராத இரை. 1497-இல் கடலோடி ஜான் காபட் இந்தப் பக்கம் வந்து திரும்பியபின், கூடையை இறக்கினாலே மீன் ஏறுகிறது என்ற செய்தி ஐரோப்பிய அரசவைகளில் பரவியது.

காட்டின் ஆண்டுச் சுற்று எளிமையானது. குளிர்காலத்தில் திட்டின் விளிம்பில், ஆழத்தில் இருக்கும் சற்றுச் சூடான நீரில் கூட்டமாகக் கூடும். வசந்தத்தில் முட்டையிடும். பிறகு கேப்லின் என்னும் விரல் நீளச் சிறுமீனைத் துரத்திக்கொண்டு கரைக்கு வரும். ஜூன், ஜூலையில் கேப்லின் அலையோடு வந்து கடற்கரைக் கூழாங்கற்களில் புரண்டு முட்டையிடும்; ஊர்மக்கள் வாளியோடு போய் அள்ளுவார்கள். பின்னாலேயே காட் வந்துவிடும். கரையோர மீனவனின் ஆண்டு வருமானம் இந்தச் சில வாரங்களில் அடங்கியது. தூண்டில், பின்னர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் லாப்ரடார் கரையில் உருவான பெட்டி வடிவ நிலைவலை, இவ்வளவுதான் கருவி. மீன் தானாகக் கரைக்கு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கரைக்கு வராத மீன் பெரும்பாலும் கடலில் பத்திரமாக இருந்தது. யாரும் திட்டமிடாமலே அமைந்துவிட்ட பாதுகாப்பு அது.

மீன் வந்தபின் வேலை படகுத்துறை மேசையில். முதல் ஆள் தொண்டைக்குக் குறுக்கேயும் வயிற்று நெடுகவும் கீறித் தள்ளுவார். இரண்டாமவர் ஈரலைத் தனியே எடுத்துப் பீப்பாயில் போட்டுவிட்டு, குடலை வழித்து, தலையை மேசை விளிம்பில் வைத்து அழுத்தி ஒடிப்பார். மூன்றாமவர் வளைந்த கத்தியால் முதுகெலும்பைப் பாதிக்கு மேல் எடுத்துவிடுவார். மீன் முக்கோணமாக விரியும். மற்ற எல்லோரையும்விட இவருக்கே மதிப்பு அதிகம், கை தவறினால் மீனின் தரம் ஒரு படி இறங்கிவிடும். நான்காமவர் உப்பிடுபவர். உப்பு குறைந்தால் அழுகும், கூடினால் கருகும். தலைகளிலிருந்து நாக்கை மட்டும் அறுத்து விற்பது சிறுவர்களின் தனி வரும்படி. வறுத்த காட் நாக்கு அங்கே இன்றும் விருந்துப் பண்டம். பிறகு மீனைப் பரணில் பரப்பிக் காயவைப்பதும், மழை வாடை அடித்ததும் ஓடிப்போய் அள்ளி அடுக்குவதும் பெண்கள் பாடு. இத்தனையும் முடிந்து வணிகரிடம் போனால் கையில் காசு வராது. வசந்தத்தில் அவர் கடனாகத் தந்த மாவும் தேயிலையும் வலைக்கயிறும் இலையுதிர்காலத்து மீனில் கழியும். விலையையும் தரத்தையும் அவரே வைப்பார்.

நல்ல தரம் போர்ச்சுகல், ஸ்பெயின், இத்தாலிக்குப் போனது. உடைந்ததும் கருகியதும் கரீபியக் கரும்புத் தோட்டங்களுக்கு, அடிமைகளின் உணவாக. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் சமையலில் உப்புக் காட் இன்றும் இருப்பது அந்தக் கணக்கின் மிச்சம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறி அந்தத் தீவுகளுக்குப் போன தமிழ்க் கூலிகளின் வழித்தோன்றல்களுக்கும் அது வீட்டுச் சாப்பாடுதான்.

இந்தக் கரைக்கும் நமக்கும் நேரடியான தொடுப்பு ஒன்றும் உண்டு. 1986 ஆகஸ்ட் 11 அன்று, நியூஃபவுண்ட்லாந்தின் தென்கோடியில் மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத் தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து ஏற்றிவந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. அவர்களைக் கண்டு ஏற்றிக்கொண்டவர் அந்தப் பகுதி மீனவர் கஸ் டால்டன். பிற மீன்பிடிப் படகுகளும் உதவிக்கு வந்தன. கனடாத் தமிழர்கள் அந்த மீனவர்களை இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். அதே 1986-இல்தான் நியூஃபவுண்ட்லாந்தின் கரையோர மீனவர்கள், கரைக்கு வரும் காட் குறைகிறது, சிறுக்கிறது என்று அரசிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொன்னதை அரசு கேட்கவில்லை.

கணக்கு எங்கே தவறியது

1954-இல் பிரிட்டனின் ஃபேர்டிரை என்னும் கப்பல் கடலுக்கு வந்தது. பின்புறச் சரிவில் மடி என்னும் இழுவை வலையை இழுத்தேற்றி, உள்ளேயே மீனை வெட்டி உறையவைக்கும் மிதக்கும் ஆலை. சோவியத் ஒன்றியம், இரு ஜெர்மனிகள், ஸ்பெயின், போர்ச்சுகல் எல்லாம் பின்தொடர்ந்தன. ரேடாரும் ஒலிக்கருவியும் இருந்ததால் இருட்டும் மூடுபனியும் தடையாகவில்லை. குளிர்காலத்தில், முட்டையிடக் கூடியிருக்கும் இடத்திலேயே மீனைப் பிடிக்க முடிந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதி முழுக்க 3 லட்சம் டன்னை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருந்த வடக்குக் காட் (நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் கடலின் காட் கூட்டத்துக்கு இதுதான் பெயர்) மீன்பாடு, 1968-இல் 8,10,000 டன்னைத் தொட்டது. பத்தே ஆண்டில், 1978-இல், சுமார் 1,40,000 டன்னுக்கு விழுந்தது.

இதற்கிடையே ஐஸ்லாந்து தன் கடலெல்லையை 12, 50, 200 கடல் மைல் என்று நீட்டிக்கொண்டே போய், பிரிட்டனோடு மூன்று முறை மோதி, 1976-இல் வென்றது. ராணுவமே இல்லாத நாட்டின் ரோந்துக் கப்பல்கள் பிரிட்டிஷ் இழுவைக் கப்பல்களின் வடங்களை அறுத்துவிட்ட அந்தக் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. கனடாவும் 1977-இல் 200 மைல் எல்லையை அறிவித்தது. அந்நியன் போய்விட்டான், இனி மீன் நமக்கே என்று நிம்மதி பிறந்தது. கனடா நிறுவனங்கள் அந்நியனிடம் இருந்ததைப் போன்ற இழுவைக் கப்பல்களையே இறக்கி, அதே குளிர்காலக் கூட்டங்களையே வாரின.

மீன்வள அறிவியலாளர்கள் அப்போது தூங்கிக்கொண்டிருக்கவில்லை. ஆண்டுக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்ற வரம்பை அவர்கள் கணக்கிட்டே சொன்னார்கள். கணக்கின் ஒரு கால் ஆய்வுக் கப்பலின் மாதிரி இழுவை, மறு கால் வணிகக் கப்பல்களின் மணிக்கணக்கு மீன்பாடு. இரண்டாவது கால்தான் சறுக்கியது. காட் கூடி வாழும் மீன். எண்ணிக்கை குறையும்போது கடலெங்கும் சீராகக் குறையாது. மிச்சமிருப்பவை சுருங்கிச் சில இடங்களில் அடர்த்தியாகக் கூடும். அந்த இடங்கள் கப்பல் தலைவர்களுக்குத் தெரியும். ஆகவே கடலில் பத்து மீனில் ஒன்பது போனபின்னும் மடி நிரம்பிக்கொண்டே இருந்தது. மடியைப் பார்த்துக் கடலை அளந்தவர்கள், மீன் பெருகுகிறது என்றே முடிவுக்கு வந்தார்கள். கரையோர மீனவனுக்கு நேர்மாறான காட்சி. மீன் அவனைத் தேடி வர வேண்டும். கூட்டம் சுருங்கினால் முதலில் காலியாவது அவன் வலைதான். அவன் சொன்னது சான்றாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. முழுக் கதையிலும் எனக்கு ஆறாத இடம் இது.

1989-இன் தொடக்கத்தில் அறிவியலாளர்கள் தங்கள் தவற்றைக் கண்டுகொண்டார்கள். 1,25,000 டன்னுக்கு மேல் பிடிக்கக்கூடாது என்றார்கள். மீன் ஆலைகள் மூடும், வேலை போகும் என்று அஞ்சிய அரசு 2,35,000 டன் அனுமதித்தது. 1992-இல் மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி, தானே நியூஃபவுண்ட்லாந்துக்காரர், தடையை அறிவித்தபோது முட்டையிடும் வயதுக் காட் பழைய அளவில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்திருந்தது. சுமார் 30,000 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. கனடாவின் வரலாற்றில் அதுவரை அப்படியொரு வேலையிழப்பு நிகழ்ந்ததில்லை. அடுத்த பத்து பன்னிரண்டு ஆண்டுகளில் மாகாணத்தின் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. மீன் போன வழியே ஊரும் போயிற்று.

நான்கு விடைகள்

குளிர்தான் காரணம் என்ற வாதத்துக்கு ஓர் அடிப்படை உண்டு. 1990-களின் தொடக்கத்தில் லாப்ரடார் கடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தது. ஆனால் மீன்வள அறிவியலாளர்கள் ரான்சம் மையர்ஸ், ஜெஃப்ரி ஹட்சிங்ஸ் இருவரும் பழைய பதிவுகளைப் புரட்டிக் கேட்ட கேள்வி எளியது: இதைவிடக் குளிரான ஆண்டுகளைப் பல நூற்றாண்டுகளாக இந்த மீன் தாண்டி வரவில்லையா? மீனைக் கொன்றது மீன்பிடிப்புதான் என்றார்கள். அரசுத் துறைக்குள் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது அப்போது எளிதாக இருக்கவில்லை. வீழ்ச்சியைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னதே நின்றது. குளிர் கடைசி அடியைக் கனமாக்கியிருக்கலாம், அவ்வளவுதான்.

சீலைப் பற்றிய சண்டையில் அறிவியலைவிட அரசியல் அதிகம். செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் தென்பகுதியில் சாம்பல் சீல்கள் மிச்சமிருந்த காட்டைத் தலையெடுக்கவிடாமல் தின்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. வடக்குக் காட்டுக்கு அந்தச் சான்று பொருந்தவில்லை. 2014-இல் வந்த ஓர் ஆய்வு, அதன் ஏற்ற இறக்கத்தைக் கேப்லினும் மீன்பிடிப்பும் விளக்குகிற அளவுக்குச் சீல் விளக்கவில்லை என்றது. சீல் வேட்டைக்கு நியாயம் தேடுபவர்களுக்கும் அதை எதிர்ப்பவர்களுக்கும் காட் ஒரு சாட்சியாகப் பயன்பட்டதே மிச்சம்.

கேப்லின் வாதம் அதைவிடக் கனமானது. 1990, 1991-ஐ ஒட்டி அந்தச் சிறுமீன் திடீரென்று சரிந்தது. இன்றுவரை பழைய அளவை எட்டவில்லை. கரைக்கு வருவதும் தாமதமாகிறது, உருவமும் சிறுத்துவிட்டது. இரையில்லாத காட் ஈரல் வற்றி, குளிர்காலத்தைத் தாண்ட முடியாமல் சாகிறது. தடை இருந்தும் மீன் கூடாததற்கு இது முக்கியமான விடை.

இதோடு நான் சேர்க்க விரும்புவது வயதை. 1990-ஐ ஒட்டி, முட்டையிட்டபின் கரையை நோக்கி நகரும் மாபெரும் கூட்டமொன்றை மீன்வள அறிவியலாளர் ஜார்ஜ் ரோஸ் ஒலிக்கருவியால் பின்தொடர்ந்தார். கூட்டத்தின் முன்னணியில் சென்றவை பெரிய, வயதான மீன்கள். வழியை அறிந்தவை அவைதான் என்று நினைக்க இடமிருக்கிறது. இழுவை மடி முதலில் தீர்த்ததும் அவற்றைத்தான். பெரிய மீனைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே போனால், சிறு வயதிலேயே முட்டையிடும் மீனுக்குத்தான் சந்ததி மிஞ்சும். வீழ்ச்சிக்கு முன்பே வடக்குக் காட் முன்னைவிட இளவயதில் பருவமடையத் தொடங்கியிருந்தது, அது மரபிலேயே நிகழ்ந்த மாற்றமாகத் தெரிகிறது என்று 2004-இல் நேச்சர் இதழ் ஆய்வு காட்டியது. பால்டிக் கடலில் கிழக்குக் காட்டுக்கு நடந்தது இன்னும் மோசம். 1996-இல் ஒரு மீட்டரைத் தாண்டும் மீன்கள் இருந்த அங்கே, 2019-இல் மிகப் பெரியதே அதில் பாதியளவுதான். மெதுவாக வளரும் மரபு நிலைத்துவிட்டதைச் செவிக்கற்களும் டி.என்.ஏ.வும் சேர்ந்து சொல்கின்றன. மீன்பிடிப்பு அங்கே 2019 முதல் நின்றும் மீன் வளரவில்லை.

சரிந்த காட்டை மீட்பது முடியாத காரியமா என்றால், இல்லை. பேரன்ட்ஸ் கடலில் 1980-களின் பிற்பாதியில் கேப்லின் சரிந்தது, பசித்த சீல்கள் நார்வேக் கரைக்குப் படையெடுத்தன, காட் மெலிந்தது. நியூஃபவுண்ட்லாந்தின் அத்தனை அறிகுறிகளும் இருந்தன. நார்வே 1989 ஏப்ரலில் கரையோர மீன்பிடிப்பைப் பாதியில் நிறுத்தியது. பிடித்த மீனைக் கடலில் கொட்டக்கூடாது என்று 1987-லேயே சட்டம் வைத்திருந்தது. சோவியத் ஒன்றியத்தோடு சேர்ந்து வரம்பைக் கடுமையாக வெட்டியது. வேதனை சில ஆண்டுகள்தான். 2013-இல் அங்கே அனுமதிக்கப்பட்ட அளவு 10 லட்சம் டன். கடல் சூடானதும் கைகொடுத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை; ஆனால் சூட்டை நம்பி யாரும் அங்கே அளவை ஏற்றவில்லை. இப்போது மீண்டும் மீன் குறைகிறது. 2025-க்கு 3,40,000 டன் என்று இறக்கிவிட்டார்கள். உக்ரைன் போருக்கு நடுவிலும் நார்வே, ரஷ்யா இரு நாட்டு ஆணையம் இந்த எண்ணைப் பேசி முடிக்கிறது.

2024

நியூஃபவுண்ட்லாந்தில் 2010-களில் நம்பிக்கை துளிர்த்தது. பொனவிஸ்டா பக்கத்துக் கடலில் கூட்டங்கள் பெருகியதை 2015-இல் ரோஸ் பதிவு செய்தார். சில ஆண்டுகளில் அந்த ஏற்றம் தேங்கிவிட்டது. தடை என்று சொன்னாலும் கரையோரத்தில் சிறு அளவு வணிகப் பிடிப்பும், கோடை வார இறுதிகளில் ஆளுக்கு 5 மீன் என்ற வீட்டுத்தேவைப் பிடிப்பும் தொடர்ந்தே வந்தன. ஊர்கள் உயிரோடு இருந்ததில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

2023-இல் கனடா மீன்வளத்துறை கணக்கு முறையை மாற்றியது. பதிவுகள் 1954 வரை பின்னே நீட்டப்பட்டன. அபாயக்கோடு எங்கே என்ற வரையறை கீழே இறங்கியது. கடலில் மீன் ஏறாமலே காட் அபாய வட்டத்திலிருந்து எச்சரிக்கை வட்டத்துக்கு வந்துவிட்டது. புதிய கணக்கு பழையதைவிட அறிவியலில் திருந்தியதுதான், அதில் குறையில்லை. அதை வைத்து எடுத்த முடிவில்தான் குறை. 2024 ஜூன் 26 அன்று தடை நீக்கப்பட்டு 18,000 டன் அனுமதிக்கப்பட்டது. அதில் ஒரு பங்கு ஆழ்கடல் இழுவைக் கப்பல்களுக்கும், ஒரு சிறு பங்கு எல்லைக்கு வெளியே பிடிக்கும் பிற நாட்டுக் கப்பல்களுக்கும் போனது. கரையோர மீனவர் சங்கம் எதிர்த்தது. இந்த முறையும் சங்கத்தின் பக்கமே நியாயம் என்பது என் முடிவு. 18,000 டன் பெரிய எண் அல்ல. ஆனால் தூண்டிலும் நிலைவலையும் மட்டும் இறங்க வேண்டிய கடலில் குளிர்காலக் கூட்டங்களைத் தேடும் மடியை இறக்கியிருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் கரைக்கு வந்த மீனைப் பிடித்த காலத்தில் இந்தக் கடல் நான்கரை நூற்றாண்டு தாங்கியது. ஆலைக்கப்பல் வந்தபின் 40 ஆண்டுகூடத் தாங்கவில்லை.

இந்த முடிவு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல மீனுக்குக் கொஞ்சம் காலம் வேண்டும். 2024 வசந்தத்தில் பொரித்த காட் குஞ்சு, பிழைத்திருந்தால், முதன்முறையாக முட்டையிடப்போவது 2030-ஐ ஒட்டித்தான்.